அளந்த பிறகு என்ன?

விளையாட்டு மருத்துவச் சோதனைகளும் பயிற்சி ஆலோசனையும்
(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பெற்றோரும் பயிற்சியாளர்களும் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "டாக்டர், பையனுக்கு என்னென்ன டெஸ்ட் எடுக்கணும்?" நானும் ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்பேன். "முடிவு வந்ததும் நாளைக் காலைப் பயிற்சியில் எதை மாற்றப்போகிறீர்கள்?" பெரும்பாலும் பதில் வராது. முடிவு எப்படி வந்தாலும் பயிற்சி பழையபடியேதான் நடக்கும் என்றால் அந்தச் சோதனை வேண்டியதில்லை. அந்தப் பணத்துக்கு முட்டை வாங்கிக் கொடுக்கலாம்.

இன்று நான் சொல்ல வந்தது இதைத்தான். சோதனை என்பது ஒரு கேள்வி. அதற்குக் கிடைக்கும் பதில், ஓடுகிற பிள்ளையின் கைக்கு ஆலோசனையாகத் திரும்பி வர வேண்டும். நம் ஊரில் அந்தப் பதில் தேர்வாளரின் கோப்போடு நின்றுவிடுகிறது.

நூறு ஆண்டு அறிவு

இந்த அறிவு நமக்குப் புதிதல்ல. ஹாரி குரோ பக் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கியது 1920இல். மூன்று ஆண்டுகள் கழித்து, 1923இல், இங்கிலாந்தின் ஏ.வி. ஹில்லும் ஹார்ட்லி லப்டனும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மூச்சுக்காற்றைச் சேகரிக்கும் பையைச் சுமந்துகொண்டு ஓடியவர்களில் ஹில்லும் ஒருவர். வேகம் கூடக்கூட உடல் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன் கூடிக்கொண்டே போகிறது. ஓர் எல்லைக்கு மேல் வேகம் கூடினாலும் ஆக்சிஜன் அளவு கூடுவதில்லை. இதுதான் அவர்கள் கண்டது. அந்த எல்லையைத்தான் இன்று வி.ஓ.டூ. மேக்ஸ் என்கிறோம். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு, ஒரு நிமிடத்தில், எத்தனை மில்லிலிட்டர் ஆக்சிஜன் என்று கணக்கிடுகிறோம். பயிற்சி இல்லாத இளைஞருக்கு இது சுமார் 40 இருக்கும். உலகத் தரமான நெடுந்தூர ஓட்டக்காரர்களுக்கு 70ஐத் தாண்டும்.

ஆய்வுக்கூடம் இல்லாத இடத்தில் என்ன செய்வது? அமெரிக்க விமானப்படை மருத்துவரான கென்னத் கூப்பர் 1968இல் ஒரு வழி சொன்னார். பன்னிரண்டு நிமிடத்தில் எவ்வளவு தூரம் ஓட முடிகிறது என்று பாருங்கள். மீட்டர் கணக்கில் அந்தத் தூரத்திலிருந்து 504.9ஐக் கழித்து, மீதியை 44.73ஆல் வகுத்தால் வி.ஓ.டூ. மேக்ஸ் தோராயமாகக் கிடைக்கும். 2,400 மீட்டர் ஓடியவருக்கு 42. 2,800 மீட்டர் ஓடியவருக்கு 51. ஒரு விசிலும் கடிகாரமும் இருந்தால் போதும்.

ஆனால் இந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் எப்படிப் பயிற்சி செய்ய வேண்டும் என்று சொல்லிவிட முடியாது. வி.ஓ.டூ. மேக்ஸ் ஒரே அளவில் இருக்கும் இருவரில் ஒருவர் பத்து கிலோமீட்டரில் இரண்டு நிமிடம் முந்திக்கொண்டு வரலாம். அந்த எல்லைக்கு எவ்வளவு பக்கத்தில், எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறார், ஓர் அடி எடுத்து வைக்க எவ்வளவு ஆற்றல் செலவழிக்கிறார் என்பவையும் சேர்ந்துதான் ஓட்டத்தை முடிவு செய்கின்றன.

ஒரு தாளை வாசிப்போம்

ஒரு மாதிரித் தாளை எடுத்துக்கொள்வோம். அரை மாரத்தான் ஓடும் ஓர் இளைஞரை டிரெட்மில்லில் ஏற்றுகிறோம். நான்கு நிமிடத்துக்கு ஒரு முறை மணிக்கு ஒரு கிலோமீட்டர் வேகத்தைக் கூட்டுகிறோம். ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் விரல் நுனியில் ஊசியால் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, அதில், தசை வேலை செய்யும்போது உண்டாகும் லாக்டேட் லிட்டருக்கு எத்தனை மில்லிமோல் என்று பார்க்கிறோம். 10 கிலோமீட்டர் வேகத்தில் 1.3. 11இல் 1.5. 12இல் 2.1. 13இல் 3.9. 14இல் 7.

இவற்றை வரைபடமாகப் போட்டால், 11 வரை கோடு கிட்டத்தட்டப் படுத்தே கிடக்கிறது. 12இல் தலை தூக்குகிறது. 13க்குப் பிறகு செங்குத்தாக ஏறுகிறது. உடல் உண்டாக்கும் லாக்டேட்டை உடலே எரித்துத் தீர்க்கும்வரை அளவு கூடாது. வரவு செலவை மிஞ்சும்போதுதான் ஏறும். லாக்டேட் கழிவுப்பொருள் அல்ல. தசையும் இதயமும் அதை எரிபொருளாகவே பயன்படுத்துகின்றன. பயிற்சி முடிந்து மறுநாள் வரும் உடம்புவலிக்கும் அதற்கும் தொடர்பில்லை. அந்த வலி தசை இழைகளில் ஏற்படும் நுண்ணிய சேதத்தால் வருவது. லாக்டேட்டோ ஓட்டம் முடிந்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிடுகிறது.

இனி ஆலோசனைக்கு வருவோம். "தினமும் எந்த வேகத்தில் ஓடுகிறாய்?" என்று கேட்டால், "கிலோமீட்டருக்கு 4 நிமிடம் 50 விநாடி சார்" என்கிறார். அதாவது மணிக்கு ஏறக்குறைய 12.4 கிலோமீட்டர். அவர் ஈசி ரன் என்று நினைத்துக்கொண்டிருக்கும் ஓட்டம், தாளில் கோடு மேலேறத் தொடங்கிய இடத்தில் விழுகிறது. தினமும் நடுத்தரக் கஷ்டத்திலேயே ஓடுகிறார். அதனால் மெதுவாக ஓட வேண்டிய நாளில் உடல் தேறுவதில்லை. வேகமாக ஓட வேண்டிய நாளில் கால் எழுவதில்லை. அவருக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: வாரத்தில் நான்கு நாள் கிலோமீட்டருக்கு ஐந்தரை நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள். இரண்டு நாள் மட்டும் 4 நிமிடம் 35 விநாடி வேகத்தில், இடைவெளி விட்டு ஓடு. ஒரு நாள் ஓய்வு. உலகின் சிறந்த நெடுந்தூர வீரர்கள் தங்கள் பயிற்சி அமர்வுகளில் ஏறக்குறைய ஐந்தில் நான்கை மெதுவான வேகத்திலேயே செய்கிறார்கள் என்பதை ஸ்டீபன் செய்லர் போன்ற ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.

இந்தச் சோதனைக்கு வசதி இல்லாதவருக்கு வாய் இருக்கிறது. ஓடும்போது முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா? அது மெதுவான ஓட்டம். மூன்று நான்கு சொல்லுக்கு ஒரு முறை மூச்சு வாங்குகிறதா? நடுத்தரம். "உம்" கொட்ட மட்டும்தான் முடிகிறதா? கடினம். விலையுயர்ந்த கருவிகளோடு ஒப்பிட்டுப் பார்த்து நம்பகமானது என்று கண்ட முறை இது.

கைக்கடிகாரம் காட்டும் இதயத் துடிப்பு எல்லைகளை அப்படியே நம்பிவிட வேண்டாம். 220இலிருந்து வயதைக் கழித்தால் உச்ச இதயத் துடிப்பு என்று எல்லா உடற்பயிற்சிக் கூடங்களிலும் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். 1970களின் தொடக்கத்தில், அதற்கு முன்பு வெளிவந்த சில ஆய்வுகளின் புள்ளிகளுக்கு நடுவே குத்துமதிப்பாக இழுத்த கோடு அது. ஒவ்வொருவருக்கும் பொருந்தும் என்று யாரும் நிரூபித்ததில்லை. முப்பது வயதுக்காரருக்கு அது 190 என்று சொல்லும். உண்மையில் ஒருவருக்கு 172 இருக்கலாம், இன்னொருவருக்கு 208 இருக்கலாம். 172 உள்ளவரை 190ஐ வைத்துக் கணக்குப் போட்டு விரட்டினால் காயம் வரும். இல்லையென்றால் வெறுத்துப்போய் விட்டுவிடுவார்.

சல்லடையாகும் சோதனை

டென்மார்க்கின் யென்ஸ் பாங்ஸ்போ கால்பந்தாட்டக்காரர்களுக்காக உருவாக்கியது யோ-யோ சோதனை. பீப் ஒலிக்கு ஏற்ப 20 மீட்டர் போய், 20 மீட்டர் திரும்ப வேண்டும். பத்து விநாடி நடை. மறுபடி ஓட்டம். வேகம் கூடிக்கொண்டே போகும். 2017இல் இந்தியக் கிரிக்கெட் அணி இதைத் தகுதித் தேர்வாக எடுத்துக்கொண்டது; அப்போது 16.1 என்ற நிலையை எட்டினால் தேர்ச்சி.

2018 ஐ.பி.எல். போட்டியில் சென்னை சூப்பர் கிங்ஸ் அணிக்காக அம்பதி ராயுடு 602 ரன் குவித்தார். இங்கிலாந்து செல்லும் ஒருநாள் அணியில் அவர் பெயர் வந்தது. அறிவிப்புக்குப் பிறகு சோதனை வைத்தார்கள், அவர் தேறவில்லை, அவர் இடத்தில் சுரேஷ் ரெய்னா போனார். சில மாதங்கள் கழித்து அதே ராயுடு அதே சோதனையில் தேறி ஆசியக் கோப்பைக்குத் திரும்பினார்.

உடல்தகுதிக்கு ஒரு தரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பீல்டிங்கின் தரம் உயர்ந்ததற்கு அந்தக் கண்டிப்பும் ஒரு காரணமாக இருக்கலாம். நான் கேட்பது காலத்தைப் பற்றி. சில மாதப் பயிற்சியில் எட்டிவிடக்கூடிய குறையை, சில மாதம் முன்பே அளந்திருந்தால் அது ஆலோசனையாக இருந்திருக்கும். விமானம் ஏறும் நேரத்தில் அளந்தால் அது தண்டனையாகிவிடுகிறது.

இது பெரிய ஆட்டக்காரர்களின் சங்கதி மட்டுமல்ல. காவலர் தேர்வுக்கு ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். அறிவிப்பு வந்த மறுநாளே புறவழிச் சாலை ஓரங்களில் இளைஞர்கள் ஓடத் தொடங்கிவிடுகிறார்கள். தினமும் 1,500 மீட்டரை உயிரைக் கொடுத்து ஓடி நேரம் பார்ப்பதுதான் அவர்களுக்குத் தெரிந்த பயிற்சி. இவர்களும் விளையாட்டு மருத்துவத்துக்கு உரியவர்கள்தாம்.

ஏழு நிமிடம் என்றால் 400 மீட்டர் ரவுண்டுக்கு 1 நிமிடம் 52 விநாடி. மூன்றே முக்கால் ரவுண்டு. பலர் முதல் ரவுண்டை ஒன்றரை நிமிடத்துக்குள் முடித்துவிடுகிறார்கள்; மூன்றாவது ரவுண்டில் கால் கல்லாகிவிடுகிறது. முதல் ரவுண்டை 1 நிமிடம் 50 விநாடிக்கு முன்பு முடிக்காதே என்று சொல்லி, கடிகாரத்தோடு ஓர் ஆள் நின்றாலே அந்தத் தவறைத் தடுத்துவிடலாம். வாரம் ஒரு நாள், 400 மீட்டரை 1 நிமிடம் 48 விநாடியில் நான்கைந்து முறை, நடுவே இரண்டு நிமிடம் நடை. மற்ற நாள்களில் பேசிக்கொண்டே ஓடும் வேகம். பதினைந்து நாளுக்கு ஒரு முறை மட்டும் முழு 1,500.

இவர்களுக்கு வரும் முதல் தொல்லை முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி. இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பழகிவிடும்; எலும்புக்கு மாதங்கள் வேண்டும். வலிக்கும் இடத்தை ஒரு விரலால் அழுத்திக்கொண்டே கீழிருந்து மேலே போங்கள். எலும்பின் உள்விளிம்பில் ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்தால், ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்து, கெண்டைக்காலுக்குப் பயிற்சி கொடுத்தால் பெரும்பாலும் அடங்கும். ஒரே புள்ளியில், ரூபாய் நாணயம் அளவுக்குள், தொட்டால் துள்ளுகிறாரா? இரவிலும் வலிக்கிறதா? எலும்பில் மயிரிழை முறிவு இருக்கலாம். முதல் சில வாரங்களில் எக்ஸ்ரே பெரும்பாலும் முறிவு இல்லை என்றே காட்டும். அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

வியர்வையும் ரத்தமும்

நம் ஊர் வெயிலுக்கு ஏற்ற சோதனைக்கு எடை பார்க்கும் கருவி ஒன்று போதும். ஓடுமுன் 62.4 கிலோ. ஒரு மணி நேரம் ஓடிவிட்டு, வியர்வையைத் துடைத்து, ஈர உடையைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் 61.5. நடுவில் குடித்தது 300 மில்லி. குறைந்த 900 கிராமோடு குடித்த 300ஐக் கூட்டினால், அந்த ஒரு மணி நேரத்தில் இழந்த வியர்வை 1.2 லிட்டர். மே மாதத்தில் ஒரு முறை, மார்கழியில் ஒரு முறை இப்படிப் பார்த்து எழுதி வையுங்கள். எவ்வளவு குடிப்பது என்ற கேள்விக்கு உங்கள் உடலே விடை சொல்லிவிடும். சென்னை போன்ற கடற்கரை ஊர்களில் விடியற்காலை குளிர்ச்சியாகத் தெரிந்தாலும் காற்றில் ஈரப்பதம் அப்போதுதான் அதிகம். வியர்வை ஆவியாகாமல் வழிந்துகொண்டே இருக்கும்.

அளவுக்கு மீறிக் குடிப்பதும் ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்த 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 13 விழுக்காட்டினருக்கு சோடியம் குறைந்திருந்தது. ஓடி முடித்தபோது எடை கூடியிருந்தவர்களிடமே இது அதிகமாகக் காணப்பட்டது. நெடுந்தூரம் ஓடிய ஒருவர் எடை கூடி நின்றால் அவர் தேவைக்கு மேல் குடித்திருக்கிறார் என்று பொருள். அவர் தலைவலி, வாந்தி, குழப்பம் என்று சொன்னால் இன்னும் தண்ணீர் கொடுக்காதீர்கள். மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

ரத்தப் பரிசோதனைக்குக் கொஞ்சம்தான் காசு இருக்கிறது என்றால், பெண் பிள்ளைகளுக்கு ஹீமோகுளோபினும், இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிட்டினும் பாருங்கள். தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. போன வருடம் நன்றாக ஓடிய பெண் இந்த வருடம் பின்தங்கினால் "சோம்பேறி ஆயிட்டா" என்று கிரவுண்டில் சொல்கிறார்கள். உடலில் இரும்புச் சேமிப்பு தீர்ந்திருக்கலாம். பெரிட்டின் குறைந்திருந்தால் மருத்துவர் சொன்ன அளவில் மாத்திரை. சாப்பாட்டோடு காபி, டீ வேண்டாம். அவை இரும்பு உடம்பில் சேர்வதைக் கெடுக்கும்.

இன்னொரு கேள்வியை ஆண் பயிற்சியாளர்கள் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா? மூன்று மாதம் வராமல் நின்றுபோனால், "பயிற்சி அதிகம், அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடக் கூடாது. செலவழிக்கும் ஆற்றலுக்கு ஏற்ற சாப்பாடு இல்லை என்பதற்கு அது அறிகுறியாக இருக்கலாம். எலும்பு மெலியும், முறிவுகள் வரும். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் இந்த நிலைக்கு ஒரு பெயர் கொடுத்து, ஆண்களுக்கும் இது வரும் என்று எச்சரித்தது. பல பிள்ளைகள் வெறும் வயிற்றோடு கிரவுண்டுக்கு வந்து, ஓடிவிட்டு, நேரே பள்ளிக்குப் போகிறார்கள். வரும்போது ஒரு வாழைப்பழம். முடிந்த கையோடு அவித்த முட்டையோ வேர்க்கடலையோ. எந்தப் பவுடர் டப்பாவும் இதற்கு ஈடாகாது. அந்த டப்பாக்களில் சிலவற்றில் லேபிளில் சொல்லாத தடை மருந்துகள் கலந்திருப்பதும் உண்டு. தெரியாமல் சாப்பிட்டேன் என்று சொல்லி ஊக்கமருந்து வழக்கிலிருந்து எளிதில் வெளியே வர முடியாது.

இதயத்தின் கேள்வி

2021 ஜூன் 12. கோபன்ஹேகனில் பின்லாந்துக்கு எதிரான ஆட்டத்தில் டென்மார்க் கால்பந்து வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் மைதானத்தில் சுருண்டு விழுந்தார். இதயம் நின்றுவிட்டது. அவர் அப்போது இத்தாலியின் இன்டர் மிலான் அணிக்கு ஆடிக்கொண்டிருந்தார். போட்டி விளையாட்டுக்கு வருவோர் அனைவருக்கும் ஈ.சி.ஜி.யோடு மருத்துவச் சோதனை என்று 1982 முதல் கட்டாயமாக்கிய நாடு இத்தாலி. அதனால் வெனெட்டோ பகுதியில் இளம் வீரர்களின் திடீர் மரணம் ஏறக்குறைய 90 விழுக்காடு குறைந்ததாக 2006இல் ஓர் ஆய்வு சொன்னது. அதே மாதிரிச் சட்டம் போட்ட இஸ்ரேலில் அத்தகைய குறைவு தென்படவில்லை என்று பின்னர் இன்னோர் ஆய்வு சொன்னது. விவாதம் இன்னும் ஓயவில்லை.

இத்தனை கண்டிப்பான சோதனை முறையில் இருந்தவருக்கும் இதயம் நின்றது. அவரைக் காப்பாற்றியது மைதானத்திலேயே செய்த நெஞ்சழுத்தமும், அதிர்வு கொடுத்து இதயத்தை இயக்கும் டிபிப்ரிலேட்டரும். நெஞ்சுக்குள் ஒரு கருவியைப் பொருத்திக்கொண்டார். அந்தக் கருவியோடு இத்தாலியில் ஆட அனுமதி இல்லாததால் இங்கிலாந்துக்குப் போய் மறுபடி ஆடினார்.

நம் பள்ளிகளில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஈ.சி.ஜி. எடுப்பது இன்று நடவாது. ஆனால் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். ஓடும்போது எப்போதாவது மயங்கி விழுந்திருக்கிறாயா? ஓடும்போது நெஞ்சு வலித்திருக்கிறதா? குடும்பத்தில் ஐம்பது வயதுக்கு முன் யாராவது திடீரென்று இறந்திருக்கிறார்களா? ஒன்றுக்கு "ஆமாம்" என்றாலும் இதய மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை ஓட விடாதீர்கள். ஓட்டம் முடிந்து நின்ற பிறகு தலைசுற்றுவது பெரும்பாலும் சாதாரணம். ஓடிக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுவது சாதாரணமல்ல.

நடைப்பயிற்சிக்கு வரும் ஐம்பது, அறுபது வயதுக்காரர்களுக்கும் இதே கேள்விகள் பொருந்தும். அவர்களுக்கு இன்னொரு சுலபமான சோதனை: கைகளை நெஞ்சில் கட்டிக்கொண்டு, முப்பது விநாடியில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது? மூன்று மாதம் கழித்து அந்த எண் கூடியிருந்தால் கால் தசை தேறியிருக்கிறது. கூடவில்லை என்றால் நடை மட்டும் போதாது. படியேறுவதையும் எடை தூக்குவதையும் சேர்க்க வேண்டும்.

முடிவு யாருடையது?

கடைசியாக ஒன்று. 2006 தோஹா ஆசிய விளையாட்டில், புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து சென்ற சாந்தி சவுந்தரராஜன் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனை நடந்தது; பதக்கம் பறிபோனது; ஒரு பெண்ணின் உடலைப் பற்றிய மிக அந்தரங்கமான செய்தி நாளிதழ்களில் அச்சாகி ஊர் முழுவதும் பரவியது. சோதனை முறையைப் பற்றிய அறிவியல் வாதம் தனி. அதில் எந்தப் பக்கம் நின்றாலும், அவருக்கு முதலில் விளக்க வேண்டியதை ஊருக்கு முதலில் சொன்னதை நியாயப்படுத்த முடியாது. மருத்துவத்தில் நோயாளிக்குக் கிடைக்கும் ரகசியக் காப்பு, விளையாட்டு உடை அணிந்ததும் ஏன் காணாமல் போகிறது?

மாணவர்களே, நாளை நீங்கள்தான் விசிலும் கடிகாரமும் பிடித்து நிற்பவர்கள். உங்களிடம் மூன்று வேண்டுகோள்கள். எந்தச் சோதனைக்கும் முன்னால், அது எதற்கு, முடிவு யாருக்குப் போகும் என்று வீரரிடம் சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். எண்களை அவரவர் பெயரில் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதுங்கள்; நோட்டு அவரிடமே இருக்கட்டும், பயிற்சியாளர் மாறினாலும் கூடவே போகட்டும். ஒவ்வோர் எண்ணுக்குக் கீழேயும் ஒரு வரி ஆலோசனை எழுதுங்கள்: இனி எதைக் கூட்ட வேண்டும், எதைக் குறைக்க வேண்டும், மறுபடி எப்போது அளக்க வேண்டும் என்று. அந்த வரியை எழுத முடியவில்லை என்றால், அந்தச் சோதனையை ஏன் வைத்தோம் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

இதற்கு அரசாணை தேவையில்லை. அடுத்த திங்கட்கிழமை காலைப் பயிற்சியிலிருந்தே தொடங்கலாம்.